ஒப்புக்கொண்ட பன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது அவ்வளவு தூரம்கூடப் போவதில்லை, நாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அவர் எனக்கு நேரெதிர். பஸ் ஓட்டுகிறவர். வண்டிக்குக் குறுக்கே விழுந்து ஓடுகிறவனைக்கூட ஒரு வார்த்தை திட்டமாட்டார். அவர் வண்டியில் ஏறினவர்கள் அசந்து தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுவார்கள் என்பதால் டிப்போவில் அவருக்குத் 'தொட்டில்' என்று பேர். "தொட்டில் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருப்பார்.

வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் ஓட்டுநர்களைப் பரிசோதிப்பார். இந்த வருஷம் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி, பயமுறுத்துகிறவர் இல்லை. ஆனால் விஷயத்தை மூடி மறைக்கவும் இல்லை.

"இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். சாப்பாட்டுலயே கட்டுப்படுத்திப் பாப்போம், மூணு மாசம் டைம். கட்டுக்குள்ள வந்துட்டா நீங்க பாட்டுக்கு வண்டி ஓட்டலாம். வரலேன்னா மருந்து, அப்புறம் ஊசின்னு போகும். ஊசி போட்டுக்கறவங்களுக்கு இந்தக் கம்பெனியில பயணிகள் வண்டி கிடையாது. ஷெட்லதான் வேலை."

வெளியே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஷெட்ல நான் என்ன பண்ணுவேன்? எவனோ ஓட்டிட்டு வர்ற வண்டியக் கழுவிக்கிட்டு நிப்பேனா?"

"வாயில நல்ல வார்த்தை வரட்டும். நான் எதுக்கு இருக்கேன்? சுகர் எப்படி இறங்காம போகுதுன்னு நானும் பாக்கறேன்."

அன்றைக்கு நானாகக் காவல்காரி வேலையை எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

நான் ஒரு கேக் கடையில் அலங்கார வேலை பார்க்கிறேன். க்ரீம் பூசுவது பழகினால் யாருக்கும் வரும். சர்க்கரை மாவில் பூச் செய்வதுதான் என் வேலை. பொடித்த சர்க்கரையில் குளுக்கோஸ் பாகு விட்டுப் பிசைந்தால் களிமண் பதத்துக்கு வரும். அதை விரல் நுனியால் அழுத்தி அழுத்தி இதழ் இதழாக மெலிய எடுத்து ரோஜாவாக ஒட்ட வேண்டும். நாள் முழுக்க நான் சர்க்கரையில் ரோஜா பண்ண, வீட்டில் அவர் வெள்ளரிக்காயை மென்றுகொண்டிருந்தார். "உன் கைல இருக்கறது என் வாயில இல்ல, என்ன ஜென்மமோ" என்பார். சிரித்துக்கொள்வோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கும் மெஷினில் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஊசியைக் கண்டால் இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், அதனால் குத்துவது என் பொறுப்பு. வேலை விட்டு வந்து, கைகால் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு நிதானமாகக் குத்துவேன். நூற்றுப் பத்து, நூற்றிருபது என்று காட்டிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் போதும் என்று இருவருக்கும் மனசு லேசாக இருந்தது.

பிறகு கடையில் கல்யாண கேக்குகள் குவிய ஆரம்பித்தன. ஒரு நாள் மூன்றடுக்குக் கேக்குக்குப் பூக்கள் செய்து இடுப்பொடிந்து வந்தவள், சீக்கிரம் படுத்தால் போதும் என்று செருப்பைக் கழற்றின கையோடு அவர் விரலைப் பிடித்துக் குத்தினேன். இருநூற்று அறுபது.

"என்ன சாப்பிட்டீங்க?"

"நீ கட்டிக் கொடுத்ததுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

மறுநாள் வழக்கம்போல டீ குடித்துவிட்டுக் குத்தினேன். நூற்றுப் பதினெட்டு. இறங்கிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவள், அப்படியானால் நேற்று எதைத் தின்றார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் புத்தி அப்படி.

கடையில் என்னோடு வேலை பார்க்கிறவளைச் சல்லடை என்று கூப்பிடுவோம். மாவு சலிப்பது அவள் வேலை. வாயில் எதுவும் தங்காது என்பதும் ஒரு காரணம். அவளிடம் சொன்னேன்.

"அடி போடி, ஆம்பளைங்க வீட்டுல பத்தியம் இருப்பாங்க, வெளியில விருந்து சாப்பிடுவாங்க. நீ போய் ஆற அமர டீ குடிச்சிட்டுக் குத்தறதுக்குள்ள அவர் நாலு தெரு நடந்து, வயிறு முட்டத் தண்ணி குடிச்சு இறக்கிடுவார். உள்ள நுழைஞ்ச உடனே குத்து, கையும் களவுமா மாட்டுவார். மெஷினையும் வீட்டுல வைக்காத. தானே குத்திப் பாத்துட்டு உஷாராயிடுவார்."

ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடுகிற மனுஷன் தானாகக் குத்திப் பார்ப்பாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மறுநாளே மெஷினை உறையோடு எடுத்து, ஏப்ரன் வைக்கும் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அதிலிருந்து அவர் சர்க்கரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இருநூற்று நாற்பது, நூற்றெழுபது, இருநூற்றுத் தொண்ணூறு. சனிக்கிழமைதான் உச்சம். திங்கட்கிழமை மட்டும் சமத்தாக நூற்றுப் பத்தில் வந்து நிற்கும். திங்கட்கிழமை எனக்குக் கடை லீவு. நான் வீட்டில் இருக்கிறேன் என்ற பயத்தில் அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது, நான்தான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

அவருடைய சட்டைப் பைகளைத் துழாவினேன். ஒரு துணுக்குக் காகிதம் கிடைக்காதா என்று சாப்பாட்டுப் பையை உதறினேன். குடித்திருக்கிறாரா என்று டிப்போவில் ஊதச் சொல்வார்கள், கேக் தின்றிருக்கிறாரா என்று வீட்டில் நான் ஊதச் சொன்னேன். அவரும் ஊதினார். குத்துவதற்கு முன்னால் விரலைக் கழுவ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்துதான் கையை நீட்டுவார். அப்படி எந்தப் பிசுக்கைக் கழுவுகிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன். என் கையைப் பற்றி டாக்டரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு பேச்சை நிறுத்தினேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை. ஆனால் வைராக்கியமாகச் செய்தேன். தட்டை வைப்பேன், எடுப்பேன். "மழை வரும் போல இருக்கே" என்று ஏதாவது ஆரம்பிப்பார். பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்தேன், பிறகு அரைக் கரண்டி. அவர் மறு பேச்சில்லாமல் சாப்பிட்டார். இடுப்பில் பெல்ட் நிற்கவில்லை என்று ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார். படியேறினால் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதையும் தின்ற சர்க்கரையின் கணக்கிலேயே எழுதினேன்.

ஒரு சாயங்காலம் மெஷின் முந்நூற்றுப் பத்து காட்டியது. நான் கத்தவில்லை. மெஷினை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்தேன்.

"சாப்பிட்டேன்," என்றார்.

திரும்பினேன். "என்னது?"

"பன்."

"எங்க?"

கொஞ்சம் யோசித்தார். "கேன்டீன்ல."

"ஒண்ணா?"

என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "ரெண்டு."

"க்ரீம் வச்சதா?"

"ஆமாம், க்ரீம் வச்சதுதான்."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. அப்பாடா, நான் நினைத்தது சரிதான் என்ற நிம்மதி. பொத்தென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். "இத முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்? ஷெட்ல நீங்க வண்டி கழுவறத நான் பாக்கணுமா?" என்றேன். அவர் புறங்கையால் என் கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் மறுநாளும் எண் இறங்கவில்லை. "இன்னிக்குமா?" என்றேன், கோபமில்லாமல். "இன்னிக்கும்," என்றார். அதற்கடுத்த நாள் பிஸ்கட். அப்புறம் யாருடைய பிரிவுபசாரத்துக்கோ வாங்கின இனிப்பு. நாளுக்கு ஒன்று சொன்னார். பொய் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. தலையைக் கோதிவிட்டு, "நாளையிலேருந்து வேண்டாம், என்ன?" என்பேன். குழந்தை மாதிரி தலையாட்டுவார்.

ஆனால் உள்ளே பயம் அரித்தது. இப்படி ஏறி இறங்குகிறவர் வண்டி நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு போகிறாரே, எங்காவது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால்? நானே அவரை அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். மெஷினில் இருந்த எண்களைக் காட்டினேன்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடறார் மேடம். அவரே ஒத்துக்கிட்டார்."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. "தைரியமா சொல்லுங்க," என்றேன்.

"ஆமாம் மேடம்," என்றார்.

"இப்படி ஏறி இறங்கறவரை நான் ரோட்டுக்கு அனுப்ப முடியாது. மூணு மாசம் முடிஞ்சதும் கையில ரத்தம் எடுத்துப் பாத்து முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் ஷெட்."

மறுநாள் முழங்கால் வரை நனைந்த பேன்ட்டோடு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே கழற்றிப் பிழிந்து காயப்போட்டார். "தண்ணி ஜில்லுன்னு நல்லாத்தான் இருக்கு," என்றார். அவர் வழித்தடத்து வண்டியை ஒரு சின்னப் பையன் ஓட்டுவதாகச் சொன்னார். "நல்லாத்தான் ஓட்டறான். பிரேக்தான் கொஞ்சம் வெடுக்குனு போடறான், பாவம் வயசானவங்க." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

நான் அவருடைய நன்மைக்குத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் கடையில் பூ ஒட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. சல்லடை ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் வந்துடுச்சா என்ன? மெஷின்தான் பையிலயே இருக்கே, குத்திப் பாரேன்."

பின்னறையில் பாகு டின்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு குத்தினேன். மெஷின் நானூற்றைத் தாண்டிக் காட்டியது. சல்லடை எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, என்னடி இது! கையக் கழுவினியா?"

"தொடச்சேனே."

"தொடச்சா ஆச்சா? முழங்கை வரைக்கும் மாவு. எழுந்து போய்க் கழுவு."

சோப்புப் போட்டுக் கழுவி, வேறு விரலில் குத்தினேன். தொண்ணூற்று நான்கு.

சல்லடை, "அப்பாடி, வயித்துல பால வார்த்தே," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு அது அதோடு முடிந்தது. எதிரே இருந்த டின்னில் கொட்டை எழுத்தில் குளுக்கோஸ் என்று எழுதியிருந்தது. எத்தனையோ வருஷமாக அந்த டின்னைத் திறந்து மூடுகிறேன். பையை எடுத்துப் பிரித்தேன். மெஷின் உறையின் மடிப்பெல்லாம் காய்ந்த சர்க்கரை மாவு. உறையைப் பிடித்த என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தினமும் இந்தக் கையால்தான் அவர் விரலை அமுக்கி ரத்தம் எடுத்தேன்.

திங்கட்கிழமைக் கணக்கு அப்போது நேரானது. சனிக்கிழமைக் கணக்கும். அரைக் கரண்டிச் சோறு கண் முன்னால் வந்தது. 'அடிப்பாவி' என்று வாய்விட்டுச் சொன்னேன், என்னைத்தான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டு போனேன். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். இனிமேல் கை கழுவிவிட்டுக் குத்தினால் எண் தானாக இறங்கிவிடும், அவர் திருந்திவிட்டார் என்று எல்லோரும் சந்தோஷப்படுவோம், நான் மன்னித்தவளாகவே இருந்துவிடலாம். அப்படியும் நினைத்தேன். நினைத்ததை இப்போது மறைத்து என்ன பிரயோஜனம்.

உள்ளே போய் முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். மெஷினைத் துணியால் துடைத்தேன். அவர் தன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணை மூடி, விரலை நீட்டினார். நான் ஊசியை எடுப்பதற்குள் அவராகவே சொன்னார்:

"இன்னிக்குப் பன் இல்லம்மா. ஜாம் தடவின ரொட்டி."

எப்படியோ குத்தினேன். நூற்று எட்டு.

கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. சொன்ன பொய்க்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லையே என்ற பயம்.

"கொஞ்சமாத்தான் சாப்பிட்டேன்," என்றார் அவசரமாக. "ஒரு கடிதான்."

"சாப்பிடலைங்க. நீங்க எதுவுமே சாப்பிடல."

கட்டி வைத்த வாக்கியமெல்லாம் எங்கே போனதோ. டின், உறை, மாவு, என் கை எல்லாவற்றையும் குழப்பியடித்துச் சொன்னேன். அவர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நான் சாப்பிடலையா?" என்று கேட்டார்.

"என்ன கேள்வி இது? உங்களுக்குத் தெரியாதா?"

"இல்ல, நடுவுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல எழுந்து எதையாவது திங்கறேனோன்னு. மெஷின் பொய் சொல்லுமா?" என்று சொல்லிச் சிரித்தார். "ஒரு நாள் கேன்டீன்ல போய், இந்தப் பன் எப்படி இருக்கும்னு நின்னு பாத்துட்டு வந்தேன். நீ கேட்டா சொல்லணுமே."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை போல இருந்தது. அவர் எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்போ இன்னிக்கு ரெண்டு கரண்டி போடுவியா?" என்று கேட்டார்.

மூன்று மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. முடிந்ததும் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று இருவரும் போனோம். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெஷின் உறையையும் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டரம்மா கேட்டுவிட்டு, முடிவுத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"மூணு மாசச் சராசரி ரொம்ப நல்லா இருக்கு. என் டிரைவர்கள்ல யாருக்கும் இவ்வளவு அருமையா இறங்கினதில்ல. பட்டினி மட்டும் போடாதீங்க, எடை அளவுக்கு மேல குறைஞ்சிருக்கு." கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமையிலேருந்து வண்டிய எடுக்கலாம்."

அவர் தாளை வாங்கி, மடங்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. வீட்டுல சண்டை வேண்டாம்னு இவங்ககிட்ட சொன்னீங்க, சரி. எங்கிட்டயும் ஏன் ஆமாம்னு சொன்னீங்க? வண்டி போயிடும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"அப்புறம்?"

அவர் கையில் ரத்தம் எடுத்த இடத்தைத் தடவிக்கொண்டே பேசினார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. வழித்தடத்தில் எந்த நிறுத்தம் எங்கே என்று புது ஆளுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"சாப்பிடல, சாப்பிடலன்னு சொன்ன வரைக்கும் இவ எங்கிட்ட பேசல மேடம். சாப்பிட்டேன்னு சொன்ன அன்னிக்குத்தான் பக்கத்துல வந்து உக்காந்தா."